பழைய கால வீட்டுச் சாப்பாட்டைப் பிள்ளைகள் ஏன் விரும்புகிறார்கள்?

"பெரியவர்கள் காலத்து எளிய வீட்டுச் சாப்பாட்டில் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுபவை எவை? அவற்றையே நாங்கள் செய்து வைத்தால் பிள்ளை தட்டைத் தள்ளிவிடுவது ஏன்?" என்று ஐந்து வயதுக் குழந்தையின் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் என் வீட்டிலும், பிறகு ஒரு பாலர் காப்பகத்தின் சமையற்கட்டிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறு பிள்ளைகளுக்கென்றே சமைத்து வந்தவள் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல முற்படுகிறேன். அந்தப் பண்டங்களில் பிள்ளையைக் கட்டிப்போடுபவை குழைவு, மிதமான சுவை, ஒவ்வொரு முறையும் மாறாத பதம் ஆகிய மூன்றும்தான். முதல் இரண்டும் செய்முறையிலேயே அடங்கிவிடுகின்றன. மூன்றாவது சமைப்பவர் கையில் இருக்கிறது. அதைத்தான் நாம் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கப்படும் பண்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒன்றையொன்று பார்த்திராத சமையற்கட்டுகளில் பிறந்தவையாக இருந்தும் அவற்றுக்குள் ஒரே சாயல் தெரியும். சீனாவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் அது அரிசிக் கஞ்சி. இத்தாலியில், நட்சத்திரம் போல் வெட்டிய மிகச் சிறிய பாஸ்தாவைக் கோழிச் சாற்றில் வேகவைத்து வெண்ணெயும் சீஸும் கலந்து தரும் பாஸ்தினா. இங்கிலாந்தில், கொத்திய இறைச்சியின் மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுட்டெடுக்கும் ஷெப்பர்ட்ஸ் பை. அமெரிக்காவில் மக்ரோனியும் சீஸும். வட இந்தியாவில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்து குழைந்த கிச்சிடி. 14-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பயணி இபின் பதூதா, இந்த இரண்டையும் சேர்த்து வேகவைத்து வெண்ணெயோடு மக்கள் காலையில் உண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் மாவுச்சத்துள்ள ஒரு பொருள் முதலிடத்தில் இருக்கிறது. அதனோடு கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் புரதம், அளவான உப்பு. எல்லாமே, பல் முளைத்து முடியாத வாய்க்கும் பல் விழுந்துவிட்ட வாய்க்கும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய பதத்தில் இருக்கின்றன. தனியாகக் குழந்தைக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று சமைக்க வசதியில்லாத வீடுகளில் உருவான பண்டங்கள் இவை என்பதை மறந்துவிடக் கூடாது.

குழைவையும் மிதமான சுவையையும் பிள்ளைகள் நாடுவதற்கான காரணம் அவர்கள் முதன்முதலில் அருந்திய உணவிலேயே இருக்கிறது. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரை உண்டு. ஆகவே அது இனிப்பானது. புரதத்தின் கட்டுமானப் பொருள்களான அமினோ அமிலங்களில், புரதத்தோடு கட்டுண்டு கிடக்காமல் அதில் தனித்துக் கரைந்திருப்பவற்றுள் மிக அதிகமாக இருப்பது குளுட்டமேட். கடற்பாசியில் ஊறிய சாற்றின் சுவைக்குக் காரணம் இந்தக் குளுட்டமேட்தான் என்று ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா 1908-இல் கண்டறிந்தார். பழுத்த தக்காளியிலும், நாள்பட்ட சீஸிலும் அதே பொருள் நிறைந்திருக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக் குழந்தையின் நாவில் இனிப்பு பட்டால் முகம் தளர்ந்து உறிஞ்சத் தொடங்குவதும், கசப்பு பட்டால் முகம் சுளித்து நாக்கை வெளியே தள்ளுவதும் எந்த நாட்டுக் குழந்தையிடமும் காணக்கூடியவை. எனவே பாலும் சீஸும் வெண்ணெயும் மாவுச்சத்தும் கலந்த ஒரு பண்டத்தை நான்கு வயதுப் பிள்ளை ஆசையாக உண்கிறதென்றால், ஏற்கெனவே அறிந்த ஒரு சுவையைத்தான் கெட்டியான வடிவில் மறுபடியும் சந்திக்கிறது.

மாறாத பதம் என்று நான் சொன்னதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. புதிய உணவைக் கண்டு பின்வாங்கும் இயல்பு பிள்ளைகளிடம் பொதுவாக இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை மிகக் கூடுதலாக இருக்கும். ஒன்றரை வயதில் எதைக் கொடுத்தாலும் வாயில் போட்டுக்கொண்ட குழந்தை மூன்று வயதில் திடீரென்று நான்கே பண்டங்களைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்குவதைக் கண்டு பெற்றோர் திகைத்துப் போகிறார்கள். தானாக நடந்து போய்க் கண்டதை எடுத்து வாயில் வைக்கும் பருவத்தில், தெரியாததைத் தின்னாமல் இருப்பது அந்தப் பிள்ளைக்கு ஒரு காப்பு. இதைப் பிடிவாதம் என்று எண்ணி மல்லுக்கு நிற்பதால் பயனில்லை. இந்தப் பருவத்துப் பிள்ளை நாவால் சுவைப்பதற்கு முன் கண்ணால் சுவைக்கிறது. பழகிய பண்டத்தின் நிறத்தில், வடிவத்தில், மேற்பரப்பின் பளபளப்பில் ஏதேனும் மாறியிருந்தால், அதன் கணக்கில் அது வேறொரு பண்டம்.

காப்பகத்தில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொன்னால் இது தெளிவாகும். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வாரம் ஒருமுறை மக்ரோனியைக் கிண்ணம் வழித்துச் சாப்பிடுவான். ஒரு நாள் வழக்கமான வளைந்த குழாய்கள் கிடைக்காததால் திருகு வடிவப் பாஸ்தாவில் அதே சாந்தைக் கலந்து வைத்தேன். அவன் கரண்டியை எடுத்தான், ஒரு துண்டைப் புரட்டினான், குனிந்து அதன் திருகுகளுக்குள் உற்றுப் பார்த்தான், பிறகு கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அழவுமில்லை, முரண்டு பிடிக்கவுமில்லை. அவனைப் பொறுத்தவரை அன்று மக்ரோனி வரவில்லை, அவ்வளவுதான். பழைய காலத்து வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவாக இருந்ததற்குக் காரணம், அந்த வீடுகளில் ஒரே பாத்திரம், ஒரே கை, கிடைத்த அதே நான்கைந்து பொருள்கள், பெரும்பாலும் வாரத்தின் அதே நாள் என்று எல்லாமே மாறாமல் இருந்ததுதான். வறுமையும் வழக்கமும் சேர்ந்து கொடுத்த அந்த ஒழுங்கை நாம் இன்று வேண்டுமென்றே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

புதியதை ஏற்கப் பழக்குவது எப்படி என்பதை லீஆன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்தவர். இரண்டு வயதுக் குழந்தைகளிடம் அறியாத உணவுகளில் சிலவற்றைச் சிலமுறையும் சிலவற்றை இருபது முறை வரையிலும் கொடுத்துப் பார்த்து அவரும் உடன் ஆய்வாளரும் 1982-இல் வெளியிட்ட முடிவு எளிமையானது: எத்தனை முறை கூடுதலாகச் சுவைத்தார்களோ, அந்த அளவுக்கு விருப்பமும் கூடியது. எட்டு முதல் பதினைந்து முறை வரை ஒரு பண்டத்தைச் சுவைக்க வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்று இன்று குழந்தை உணவு வல்லுநர்கள் பொதுவாகச் சொல்வது இத்தகைய ஆய்வுகளின் வழியே வந்தது. நாமோ மூன்றாவது முறை தட்டு திரும்பி வந்ததும் "இது இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சுவைப்பது என்றால் கிண்ணம் நிறைய உண்பதல்ல. பட்டாணி அளவுக்கு ஒரு துணுக்கை நாவில் வைத்துப் பிடிக்காமல் துப்பினாலும் அது ஒரு முறையாகக் கணக்கில் சேரும்.

இப்போது சமையற்கட்டுக்கு வருகிறேன். எல்லாப் பண்டங்களையும் பற்றி எழுத இடமில்லை. எங்கே வேண்டுமானாலும் செய்யக்கூடிய கஞ்சியையும், பலரும் ஆசைப்பட்டுச் செய்து சொதப்பிவிடும் மக்ரோனியையும் விரிவாகச் சொல்கிறேன்.

கஞ்சியில் எல்லாமே தண்ணீரின் அளவைப் பொறுத்தது. ஜப்பானில் பால் மறக்கும் பருவத்துக் குழந்தைக்கு முதலில் கொடுப்பது ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு வேகவைத்து மசித்த கஞ்சி. வளர வளரத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வருவார்கள், ஐந்து பங்கு தண்ணீர் என்பது அங்கே முழுக் கஞ்சி எனப்படும். ஒரே பண்டத்தைப் பிள்ளையோடு சேர்த்து வளர்த்துக்கொண்டு போகும் இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு தண்ணீர் சரியாக இருக்கும். குட்டையான, குண்டான அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, அடி கனத்த பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கொதி வரும்வரை தீயை நன்றாக வைக்கவும். கொதி வந்ததும் மரக்கரண்டியால் அடியை ஒருமுறை துழாவி ஒட்டியிருப்பதை விடுவித்துவிட்டு, தீயை மிகவும் தணித்து, மூடியைச் சற்றே திறந்தாற்போல வைத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். இடையில் அடிக்கடி கிளறினால் அரிசி உடைந்து பசை போலாகி அடிப்பிடிக்கும். கிளறுவது கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் உரியது.

அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கஞ்சி கஞ்சியாகிறது. அரிசியின் மாவுச்சத்து மணிகள் 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்குகின்றன. நெடுநேரம் வேகும்போது அவற்றிலிருந்து மாவுச்சத்து கசிந்து நீரில் கலக்கிறது. மெல்லக் கிளறும்போது பருக்கையின் வெளிப்புறம் கரைந்து நீரையும் பருக்கையையும் ஒன்றாக்குகிறது. கரண்டியைச் சாய்த்தால் நீர் முன்னே ஓடிப் பருக்கை பின்தங்கினால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். இரண்டும் சேர்ந்தே வழுக்கிக்கொண்டு இறங்கினால் ஆகிவிட்டது. ஆறும்போது மேலும் இறுகும் என்பதால், உங்களுக்குச் சரியென்று தோன்றும் பதத்துக்குச் சற்று முன்னதாகவே, கொஞ்சம் தளர்ச்சியாக இருக்கும்போதே இறக்க வேண்டும். பிள்ளை உட்கார்ந்து, கதை பேசி, முதல் வாய் எடுக்கும்போது அது எப்படி இருக்கும் என்பதுதான் கணக்கு. கெட்டியாகிவிட்டால் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது, கஞ்சி நீர்த்துப் பிரிந்து நிற்கும். கொதிக்கும் நீரை ஒரு கரண்டி விட்டுக் கலந்தால் மறுபடி தளதளவென்று வந்துவிடும்.

முட்டை, மீன், கோழி, காய் என்று எதைச் சேர்க்க விரும்பினாலும் கஞ்சிக்குள் கலக்காமல் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வெள்ளையான கஞ்சி வெள்ளையாகவே இருக்கட்டும். பிள்ளை தானாக ஒரு துண்டை எடுத்துக் கஞ்சியில் போட்டுக்கொள்ளும் நாள் வரும். அந்த நாளைப் பறித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது மக்ரோனி. இது அமெரிக்காவின் பண்டம் என்று எண்ணப்பட்டாலும், மாவில் உருட்டிய வெண்ணெய், பாலேடு, பார்மசான் சீஸ் ஆகியவற்றோடு மக்ரோனி செய்யும் முறையை 1769-இலேயே எலிசபெத் ராஃபால்டு என்ற ஆங்கிலேயப் பெண்மணி தம் சமையல் நூலில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது பொருளாதார மந்த காலத்தில். 1937-இல் கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் தூளையும் ஒரே பெட்டியில் வைத்து, நான்கு பேருக்குப் போதுமான பெட்டியை 19 சென்ட்டுக்கு விற்றது. அடுத்து வந்த உலகப் போரில் இறைச்சிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஒரு ரேஷன் சீட்டுக்கு இரண்டு பெட்டிகள் கிடைத்தன. அந்த ஆண்டுகளில் பிள்ளைகளாக இருந்தவர்கள் பெற்றோரானபோது தம் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தார்கள். இன்று மக்கள் "பழைய காலத்து" என்று உருகும் பண்டங்களில் பல, நெருக்கடி காலத்தில் மலிவுக்காகச் செய்யப்பட்டவை.

வீட்டில் செய்வதற்கு 250 கிராம் மக்ரோனி, 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா, 600 மில்லி பால், துருவிய சீஸ் 200 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்குத் தாராளமாக வரும். வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல், பச்சை வாசனை போகும்வரை இரண்டு நிமிடம் வறுக்க வேண்டும். பாலை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு முதலில் அரைக் கரண்டி அளவு மட்டும் விட்டு, கெட்டிச் சாந்தாக ஆகும்வரை கிளறி, அதன் பிறகே அடுத்த கரண்டியை விட வேண்டும். கட்டி தட்டுவது எப்போதும் இந்தத் தொடக்கத்தில்தான். சாந்து ஒருமுறை வழவழப்பாகிவிட்டால் மீதிப் பாலைத் தயங்காமல் ஊற்றலாம். ஐந்து நிமிடம் மெல்லக் கொதித்துக் கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். சீஸைப் போடுவது அணைத்த பிறகுதான். இதில்தான் பலர் தவறுகிறார்கள். சீஸ் உருகுவதற்குச் சாந்தின் சூடே போதும். அதைக் கொதிக்கவிட்டால் அதிலுள்ள புரதம் சுருங்கித் திரிந்து, கொழுப்பு தனியே எண்ணெயாகக் கசிந்து மிதக்கும், சாந்து மணல் போல நாவில் உறுத்தும். அதைப் பிள்ளை தள்ளிவிட்டால் குற்றம் பிள்ளையினுடையதல்ல.

மைதா இங்கே சாந்தைக் கெட்டியாக்குவதோடு நிற்பதில்லை. அதன் மாவுச்சத்து புரதத் துணுக்குகளுக்கு இடையில் புகுந்து அவை ஒன்றோடொன்று சேர்ந்து திரளாமல் தடுக்கிறது. நாள்பட்ட சீஸில் ஈரம் குறைந்து புரதக் கட்டமைப்பும் சிதைந்திருப்பதால் அது எளிதில் பிரிந்துபோகும். சுவைக்காக அது வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் எடுத்து, மீதியை இளம் சீஸாகச் சேர்ப்பது நல்லது. மக்ரோனியை உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும், சாந்தின் சூட்டில் அது மீதியை வெந்துகொள்ளும். கலந்தபின் சற்று நீர்த்தாற்போல இருந்தால் கவலைப்படாதீர்கள், குழாய்கள் உறிஞ்சிக்கொள்ளும். மேலே ரொட்டித் தூளைத் தூவி ஓவனில் வைத்துச் சிவக்கவிடுவது பெரியவர்களுக்குப் பிடிக்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த முறுகிய மூலைக்காகச் சண்டை போடுவார்கள், பாதிப் பேர் அதைப் பெயர்த்து ஒதுக்குவார்கள். என் அனுபவத்தில், பாத்திரத்தின் ஒரு பாதியில் மட்டும் தூவிவிடுவதுதான் வீட்டுக்கு நிம்மதி.

உருளைக்கிழங்கு மசியலைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். என் மூத்த மகள் அதை உயிராக விரும்பியவள். ஒரு நாள் வேலை மிச்சமென்று கிழங்கை மிக்ஸியில் அடித்து வைத்தேன். அவள் கரண்டியைத் தூக்கினாள், மசியல் நூலாக இழுபட்டுக்கொண்டே கரண்டியோடு எழுந்தது. அதன்பின் இரண்டு மாதம் அவள் மசியலைத் தொடவில்லை. மிக்ஸியின் கத்தி கிழங்கின் உயிரணுக்களைக் கிழித்து உள்ளிருக்கும் மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடுகிறது, அது பசையாகிறது. கையால் மசித்தால் உயிரணுக்கள் பிரியுமே தவிர அதிகம் உடைவதில்லை. கிழங்கைப் பெரிய, ஒரே அளவான துண்டுகளாக்கிக் குளிர்ந்த நீரில் போட்டு வேகவைத்து, வடித்தபின் இரண்டு நிமிடம் சூட்டிலேயே ஆவி போகவிட்டு, முதலில் வெண்ணெயையும் பிறகு சூடான பாலையும் சேர்த்துக் கையால் மசித்தால் போதும். பால்சோறு வகைகளும் இப்படித்தான், பொறுமை ஒன்றே கைப்பக்குவம்: 100 கிராம் குண்டு அரிசி, ஒரு லிட்டர் பால், 50 கிராம் சர்க்கரை, மிகக் குறைந்த தீ, இரண்டு மணி நேரம்.

பிள்ளைக்குத் தெரியாமல் காயை அரைத்து மக்ரோனிச் சாந்திலோ மசியலிலோ கலந்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். நான் இதற்கு எதிரானவள். பிள்ளை கண்டுபிடிக்காத வரையில் அது சத்தை உள்ளே அனுப்பும், மறுக்கவில்லை. ஆனால் காயின் சுவையைப் பிள்ளை கற்றுக்கொள்ளாது, எட்டுப் பத்து முறை சுவைக்கும் வாய்ப்பில் ஒன்றுகூடக் கணக்கில் ஏறாது. கண்டுபிடித்துவிட்ட நாளிலோ, நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரே பண்டமும் கையை விட்டுப் போகும். வெந்த கேரட்டோ பட்டாணியோ ஓரமாக, கண்ணில் படும்படி, இரண்டே துண்டு இருக்கட்டும். கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு தொடர்ந்து குடித்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கேரட் கலந்த கூழைக் கொடுத்தபோது முகம் சுளிப்பது குறைவாக இருந்ததாக ஜூலி மெனெல்லாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்டார்கள். சுவை அறிமுகம் அவ்வளவு முன்னதாகத் தொடங்கி அவ்வளவு மெதுவாக நடக்கிறது. ஒரு மாலைச் சாப்பாட்டில் அதை முடித்துவிட முடியாது.

"இதைச் சாப்பிட்டால் அது தருவேன்" என்ற பேரமும் வேண்டாம். ஒரு பானத்தைக் குடித்தால்தான் பரிசு என்று சொல்லிக் குடிக்க வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் பின்னர் குறைந்துபோனதை 1984-இல் வெளியான பர்ச்சின் மற்றோர் ஆய்வு காட்டியது. பரிசு கொடுத்து விற்க வேண்டிய பொருள் நல்ல பொருளாக இருக்காது என்று பிள்ளை சரியாகவே ஊகிக்கிறது. எல்லின் சாட்டர் என்ற உணவியலாளர் வகுத்த வேலைப் பிரிவினை எனக்கு நெடுங்காலம் துணையாக இருந்திருக்கிறது: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோரின் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு.

பிள்ளைக்கே விட்டுவிட்டால் வெறும் மாவுச்சத்தையே தின்று வளர்ந்துவிடுமே என்ற அச்சம் நியாயமானது. கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்திய சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. பால் மறந்த 15 குழந்தைகளுக்கு முன் முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, குழந்தை கை நீட்டுவதை மட்டுமே செவிலியர் ஊட்டினார்கள்; தூண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. குழந்தைகள் ஒரு நாள் ஒன்றையே தின்பார்கள், மறுநாள் அதைத் தொடமாட்டார்கள். ஆனாலும் நல்ல உடல்நலத்தோடு வளர்ந்தார்கள். 1939-இல் முடிவுகளைத் தொகுத்துச் சொன்னபோது டேவிஸே வலியுறுத்திய உண்மை ஒன்று உண்டு: சர்க்கரையோ வெள்ளை மாவோ இல்லாத அந்த உணவுப் பட்டியலில்தான் சூட்சுமம் இருந்தது. அதாவது தேர்வு பிள்ளையுடையதாக இருக்கலாம், பட்டியல் நம்முடையதாக இருக்க வேண்டும்.

அந்த வகையில் சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். இந்தப் பண்டங்களில் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஏறும், குறிப்பாகச் சீஸ் வழியாக. பிரிட்டனின் பொதுச் சுகாதார வழிகாட்டல், ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 2 கிராம், நான்கு முதல் ஆறு வயது வரை 3 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆகவே சீஸ் போட்ட சாந்தில் தனியாக உப்பு சேர்க்காதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கஞ்சியிலோ பால்சோற்றிலோ தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் அந்த வயதுக் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடியவை. முழுக் கொட்டைகளை ஐந்து வயதுவரை தவிர்க்க வேண்டும், மூச்சுக்குழாயில் சிக்கும். வெந்த அரிசியை வெளியே வைத்திருக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். சூட்டைத் தாங்கி உயிர் பிழைக்கும் நுண்ணுயிர் அதில் உண்டு, அது விட்டுச் செல்லும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

இத்தகைய சாப்பாடு உண்மையிலேயே மனத்தை ஆற்றுகிறதா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நெருக்கமானவர்களோடு நல்ல உறவு உள்ளவர்களுக்குக் கோழிச்சாறு போன்ற பழகிய பண்டம் அந்த உறவின் நினைவைக் கிளறித் தனிமையைக் குறைக்கிறது என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. மனம் சோர்ந்தவர்களுக்கு விருப்பமான பண்டத்தைக் கொடுத்தாலும் வேறு எதைக் கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும்கூட, மனம் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் தேறுகிறது என்று 2014-இல் மற்றோர் ஆய்வு சொன்னது. எனக்கு இரண்டும் முரண்பட்டவையாகத் தெரியவில்லை. சோற்றிலோ சீஸிலோ மருந்து எதுவும் இல்லை. யார் கையால், யாருடன் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்பது அந்தச் சுவையோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. 2023-இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரொன்சோனி நிறுவனம் நட்சத்திரப் பாஸ்தினாவை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது, வளர்ந்த மனிதர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மன்றாடினார்கள். வேறு வடிவப் பாஸ்தா கடை நிறைய இருந்தும் அவர்கள் கேட்டது அந்த நட்சத்திரத்தை.

எனவே கேள்வி கேட்ட தாய்க்கு நான் சொல்வது இதுதான். ஐந்தாறு பண்டங்களை மாற்றி மாற்றிச் செய்து சோர்வடையாமல், உங்களுக்கே பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏனென்றால் பத்து வாரம் நீங்களும் அதைச் சாப்பிட வேண்டியிருக்கும். வாரத்தில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். அளவுகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, தண்ணீரையும் பாலையும் அளந்து ஊற்றி, அதே பாத்திரத்தில் சமைத்து, அதே கிண்ணத்தில் கொடுங்கள். முதல் நாள் கிண்ணத்தில் இரண்டு கரண்டி மட்டும் வையுங்கள், கூடவே பிள்ளை ஏற்கெனவே உண்ணும் பண்டம் ஒன்றும் மேசையில் இருக்கட்டும், அதற்குப் பசியோடு எழுந்து போக நேரக் கூடாது. நீங்களும் எதிரில் அமர்ந்து அதையே சாப்பிடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நான்காவது வாரமோ ஏழாவது வாரமோ, பேச்சுக்கு நடுவில், உங்கள் முகத்தைப் பார்க்காமலேயே பிள்ளை கரண்டியை அதற்குள் விடும். அப்போதும் ஒன்றும் சொல்லாமல் உங்கள் கிண்ணத்தைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருங்கள்.